பாலர் பள்ளியிலே படைக்கு என்ன வேலை?

விசயதசமி நாளன்று எமது வீடுகளிலே ஏடு தொடக்கும் வழக்கம் உண்டு. தாம்பாளத்திலே பச்சையரிசியைப் பரப்பி, பிள்ளையின் சுட்டுவிரலைப் பற்றி, முதலெழுத்தை எழுதுவிப்பர். அந்த விரலைப் பற்றும் கை எவருடையது என்பதைப் பெற்றோர் ஆராய்ந்தே தீர்மானிப்பர். குருக்களாயிருக்கலாம்; ஊரிலே நற்பெயர் எடுத்த தலைமையாசிரியராயிருக்கலாம்; பேரனாராகவும் இருக்கலாம். தன் பெயரை எழுதத் தெரியாத கமக்காரனும் இந்தத் தெரிவை மட்டும் பிறருக்கு விட்டுக்கொடுத்ததில்லை. பிள்ளை எமது; அதற்கு முதலெழுத்துச் சொல்லித் தருபவரைத் தெரிவதும் எமது உரிமை.

2009 ஆம் ஆண்டு மே மாதத்தின் பின்னர், வன்னிப் பெருநிலத்திலே, அந்த உரிமை பெற்றோரைக் கேளாமலே கைமாறியது. எவருக்குக் கைமாறியது? கல்வித் திணைக்களத்துக்கா? மாகாண சபைக்கா? ஊர்ச் சனசமூக நிலையத்துக்கா? இல்லை. பாதுகாப்பு அமைச்சுக்குக் கைமாறியது. மூன்று வயதுப் பாலகனுக்கு அரிவரி சொல்லிக் கொடுப்பதற்கும் ஒரு பாதுகாப்பு அமைச்சு வேண்டுமோ என்று கேட்கிறோம்.

காவற்படை கல்விக்கூடம் ஆன கதை

இந்தக் கதையின் வேர் 1985 இல் இருக்கிறது. அவ்வாண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தின் துணைகொண்டு ஊர்காவற் படை என்ற ஒன்று வளர்க்கப்பட்டது. எல்லைப்புறக் கிராமத்தவர் கையிலே துப்பாக்கியைக் கொடுத்து, அவர்களைக் கொண்டே அக்கிராமங்களைக் காப்பது அதன் நோக்கம் என்றனர். 2006 செப்டெம்பரிலே அந்தப் படைக்குச் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் என்ற புதுப்பெயர் சூட்டப்பட்டது. பெயரிலே ‘சிவில்’ இருந்தது. தலைமேலே பாதுகாப்பு அமைச்சு இருந்தது.

போர் முடிந்ததும் இத் திணைக்களம் கலைக்கப்படும் என்று எதிர்பார்ப்பதே நேர்மை. காப்பதற்கு எல்லை இல்லாதபோது எல்லைக் காவற்படை எதற்கு? ஆனால் நடந்தது வேறு. அது கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தது. பண்ணைகளை நடத்தியது. முன்பள்ளிகளைப் பொறுப்பேற்றது. எமது இளம் பெண்களையே ஆசிரியைகளாகச் சேர்த்துத் தன் சம்பளப் பட்டியலிலே எழுதிக்கொண்டது. பாலகரின் சட்டையிலே திணைக்களத்தின் சின்னம் ஏறியது. யாழ்ப்பாணத்திலிருந்து இயங்கும் ‘அடையாளம்’ கொள்கை ஆய்வு நிலையம் 2017 இல் வெளியிட்ட அறிக்கை இவற்றையெல்லாம் எடுத்துக் கூறியது. நாம் கற்பனை செய்து கூறுவது ஒன்றுமில்லை.

எப்படி இது இத்தனை இலகுவாக நடந்தது? கணக்கைப் பாருங்கள். மாகாண நிருவாகத்தின் கீழிருந்த முன்பள்ளி ஆசிரியைக்கு அக்காலத்திலே மாதம் ஆறாயிரம் ரூபா அளவிலே ஒரு படி கிடைத்தது. திணைக்களத்தின் கீழ்ச் சென்றவளுக்கு முப்பதாயிரம் ரூபா அளவிலே கிடைத்தது. வேலை ஒன்று, பிள்ளைகள் அதே பிள்ளைகள், பாட்டும் கதையும் அவையே. வேறுபாடு, கையொப்பமிடும் இடாப்பு எவருடையது என்பதிலே மட்டும். கணவனைப் போரிலே பறிகொடுத்து, முதிய தாயையும் இரண்டு பிள்ளைகளையும் தாங்கி நிற்கும் ஒருத்தி எந்த இடாப்பிலே கையொப்பமிடுவாள்? அவளைக் குறைகூறுபவன் மனிதனல்லன்.

பிற நாட்டார் காட்டும் வழி

“ஓய்வு பெற்ற படையினர் ஊர்ப் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவது உலகெங்கும் உள்ள நல்வழக்கம் அன்றோ? இதிலே என்ன தவறு?” என்று கேட்பார் உளர். கொழும்பிலே நற்பண்புடைய கனவான்கள் சிலரும் இவ்வாறு கேட்கின்றனர். கேள்வி நியாயமானது, ஆகவே விடையும் கூறுவோம்.

அமெரிக்க நாட்டிலே, முதலாம் உலகப் போரிலிருந்து மீண்ட படையினர் 1919 இல் ‘அமெரிக்கன் லீஜியன்’ என்ற சங்கத்தை நிறுவினர். ஊர்கள் தோறும் அதற்கு மண்டபங்கள் எழுந்தன. 1925 இல் தென் டக்கோட்டா மாநிலத்தின் மில்பாங்க் என்னும் சிற்றூரிலே கூடி, சிறுவருக்குப் பேஸ்போல் ஆட்டம் பழக்கும் திட்டமொன்றைத் தொடக்கினர். போர்க்களத்திலே துப்பாக்கி பிடித்த கை, ஊர்த்திடலிலே பிள்ளைக்கு மட்டை பிடிக்கக் காட்டியது. அதை நாம் பழிக்கவில்லை, மெச்சுகிறோம்.

ஆனால் அங்கே வந்தவர் யார்? அந்த ஊரின் மைந்தர். அந்த ஊரிலிருந்து போருக்குப் போய், அந்த ஊருக்கே திரும்பி வந்தவர். சீருடையைக் கழற்றிப் பெட்டியிலே பூட்டிவிட்டு, தச்சனாகவும் கடைக்காரனாகவும் கமக்காரனாகவும் வாழத் தொடங்கியவர். அவர் ஓர் அமைச்சின் கட்டளைப்படி வரவில்லை. பிடிக்காத பெற்றோர் தம் பிள்ளையை அனுப்பாது விடலாம். அதனால் அவரது வேலை போகாது, காணி போகாது, இரவிலே விசாரிக்க வீட்டு வாசலிலே எவரும் வந்து நில்லார். இன்னுமொன்று: அந்தப் படை அந்த ஊரின்மீது போர் தொடுத்ததில்லை.

அமெரிக்க ஊரின் உவமையை வன்னிக்குக் கொண்டுவருவதானால் முழுவதையும் கொண்டுவர வேண்டும். வன்னி மண்ணிலிருந்து போருக்குப் போய், அந்த மண்ணுக்கே திரும்பி வந்தவர் யார்? புனர்வாழ்வு முகாம்களைக் கடந்து வந்த ஏறத்தாழ 12,000 முன்னாட் போராளிகள் அன்றோ? கண்ணிவெடியிலே காலை இழந்தவனும், எறிகணைச் சிதறலைத் தோளிலே தாங்கியவளும் அன்றோ? போர் எத்தனை கொடியது என்பதைச் சிறுவருக்குச் சொல்லத் தகுதியுடையவர் அவர்களினும் யார்? அவர்கள் ஒரு விளையாட்டுக் கழகத்திலே நான்கு பிள்ளைகளைச் சேர்த்துப் பந்தடித்தால், ‘என்ன கூட்டம் இது?’ என்று விசாரணை நடப்பதை வன்னியிலே அறியாதவர் இல்லை. ஒரு பக்கத்துப் படையினன் பிள்ளைக்கு வழிகாட்டினால் அது நல்லிணக்கம். மறுபக்கத்தவன் வழிகாட்டினால் அது சந்தேகம். இந்தத் தராசை எந்தச் சந்தையிலே வாங்கினார்கள்?

விசுவமடுக் கண்ணீர்

நிற்க. இன்னுமொரு நியாயம் எடுத்துக்காட்டப்படும். 2018 யூன் மாதத்திலே, விசுவமடுவில், சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் அதிகாரி ஒருவர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அவருக்கு மாலையிட்டு, தோளிலே தூக்கிச் சுமந்து, தேம்பி அழுது வழியனுப்பினர் மக்கள். அழுதவருள் முன்னாட் போராளிகளும் இருந்தனர். தென்னிலங்கைப் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. எம்மவரிற் சிலர் முகம் சுளித்தனர். சிலர் அழுதவரை ஏசவும் செய்தனர்.

நாம் அந்தக் கண்ணீரைப் பழிக்கமாட்டோம். அது மெய்யான கண்ணீர். எவரும் ஏறெடுத்துப் பாராதிருந்த மக்களுக்கு ஒருவர் வேலை கொடுத்தார்; பெயர் சொல்லி அழைத்தார்; வீட்டுத் துன்பத்தைக் கேட்டார். நன்றி பாராட்டுதல் தமிழரின் பண்பு; அது எமக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது, அந்த வேலையைக் கொடுக்கவும் அந்தத் துன்பத்தைக் கேட்கவும் எம்மவருள் ஒருவர் அங்கே இல்லாது போனமைக்கே.

ஆயினும் ஒன்றைச் சட்டம் அறிந்தவர் என்ற முறையிலே கூறக் கடமைப்பட்டுள்ளோம். ஒரு மனிதர் நல்லவர் என்பதனால் அவரை அனுப்பிய அமைப்பு நியாயமானதாகிவிடாது. பொலிசு அதிகாரி எத்துணை நேர்மையாளராயினும் நீதவானின் ஆசனத்திலே அவரை இருத்துவோமா? விசுவமடுவுக்கு அந்த நல்லவரை அனுப்பியதும் ஒரு கட்டளை. திருப்பி அழைத்ததும் ஒரு கட்டளை. ஊரார் வேண்டி அவர் வரவில்லை. ஊரார் அழுதும் அவர் நிற்கவில்லை. அடுத்து வருபவர் யார் என்று தெரிவு செய்யும் அதிகாரம் அழுதவர் எவருக்கும் இருக்கவில்லை. தன் பிள்ளையின் பள்ளியும், தன் அடுப்பின் நெருப்பும், ஒரு தனிமனிதரின் நல்ல குணத்திலே தொங்குமானால் அதற்கு ஆட்சி என்று பெயரில்லை. அருள் என்று பெயர். குடிமக்கள் வாழ்வது உரிமையினால், அருளினால் அன்று.

இன்னும் கேளுங்கள். ஒப்பந்தம் ஒன்றிலே ஒருவன் கையொப்பமிட்டான் என்றதும் நீதிமன்று அதை ஏற்றுவிடுவதில்லை. எந்த நிலையிலே இட்டான் என்று கேட்கும். வேலை கொடுப்பவரும், காணியை வைத்திருப்பவரும், காவல் நிற்பவரும், விசாரிப்பவரும் ஒரே அமைச்சின் கீழிருக்க, எதிரே நிற்கும் விதவைத் தாய் ‘சம்மதம்’ என்றால், அது சுயவிருப்பத்தின்பாற்பட்ட சம்மதம் என்று எந்த நீதவான் தீர்ப்பளிப்பார்? ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய இடத்திலேதான் ‘ஆம்’ என்ற சொல்லுக்கு விலையுண்டு.

சட்டம் சொல்வது யாது?

எமது வாதம் உணர்ச்சியின்பாற்பட்டது என்று ஒதுக்குவோர்க்கு நாட்டின் அரசியலமைப்பையே எடுத்து நீட்டுகிறோம். 1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம், கல்வியை மாகாண சபைப் பட்டியலிலே வைத்தது. அதன் மூன்றாம் பின்னிணைப்பு, முன்பள்ளிகள் யாவற்றினதும் முகாமையை மேற்பார்வை செய்தல் மாகாணத்தின் பொறுப்பு என்று வெளிப்படையாகக் கூறுகிறது. ‘யாவும்’ என்ற சொல்லுக்குச் சட்டத்திலே ஒரு பொருள்தான் உண்டு. படைத்துறை நடத்தும் முன்பள்ளி அதற்குப் புறம்பு என்று அங்கே எழுதப்படவில்லை.

அரசாங்கம் தானே நியமித்த நல்லிணக்க ஆணைக்குழு 2011 இல் என்ன கூறிற்று? வடக்கிலே மக்களின் அன்றாட வாழ்வு சிவில் நிருவாகத்தின் கையிலே மீளவேண்டும், படையினர் படிப்படியாகப் பின்னே செல்லவேண்டும் என்றது. 2015 ஒக்டோபரிலே ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை நிறைவேற்றிய தீர்மானம், குடிமக்களின் அலுவல்களிலே படைத்துறை தலையிடுவது முடிவுறவேண்டும் என்று கூறிற்று. அத் தீர்மானத்துக்கு இலங்கை அரசாங்கமே இணை அனுசரணை வழங்கிற்று. தானே நியமித்த ஆணைக்குழு ஒரு சாட்சி. தானே ஒப்பிய தீர்மானம் மற்றொரு சாட்சி. இவற்றுக்குப் பின்னும் வழக்குக்கு வேறு சாட்சி வேண்டுமோ?

இது தமிழருக்கு மட்டும் உரிய முறைப்பாடு என்று எண்ணவேண்டாம். 2011 இலே பல்கலைக்கழகம் புகவிருந்த மாணவர்களைப் படைமுகாம்களுக்கு அனுப்பித் தலைமைத்துவப் பயிற்சி அளித்தபோது, தென்னிலங்கையிலே மாணவர் சங்கங்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் எதிர்த்து நின்றனர். உயர்நீதிமன்று வரை வழக்குச் சென்றது. பத்தொன்பது வயது இளைஞனை மூன்று வாரம் முகாமுக்கு அனுப்புவது தகாது என்று அவர்கள் கருதினார்கள். அப்படியானால் மூன்று வயதுக் குழந்தையை ஈராண்டுக் காலம் பாதுகாப்பு அமைச்சின் சின்னத்தின் கீழ் அமர்த்துவது தகுமோ? சிங்களச் சிப்பாயும் ஒரு கமக்காரனின் மகன்தான். அவனை வெறுக்க நாம் எவருக்கும் கற்பிக்கவில்லை. அவனும் தன் ஊருக்குத் திரும்பித் தன் பிள்ளையைத் தன் மடியிலே இருத்தி எழுத்தறிவிக்கவேண்டும் என்றே விரும்புகிறோம்.

எமது பங்கும் உண்டு

இதுகாறும் பிறரை நோக்கிப் பேசினோம். இனி எம்மை நோக்கிப் பேசுவோம், அதுவே கசப்பானது.

வன்னிக் கிராமமொன்றிலே இப் பொருள்பற்றி நாம் பேசிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஓர் ஆசிரியை எழுந்தாள். “ஐயா, நீங்கள் சொல்வது சரிதான். அவர்களுடைய சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறேன். வருகிற மாதம் எனக்கு நீங்கள் எவ்வளவு தருவீர்கள்?” என்றாள். பேச்சுவன்மையிலே பெயர் எடுத்த எமக்கு அன்று பேச்சு வரவில்லை. நீதிமன்றிலே எத்தனையோ குறுக்கு விசாரணைகளைக் கண்டிருக்கிறோம். இத்தகைய கேள்வியைக் கண்டதில்லை.

அவளுக்கு விடை கூறாதவரை எமது கண்டனங்கள் யாவும் காற்றிலே போகும் சொற்களே. 1945 இல் இந் நாட்டிலே இலவசக் கல்வி வந்தது. ஆனால் முன்பள்ளி அந்தக் கூரையின் கீழ் வரவில்லை. அதை ஊர்ச் சங்கமோ கோயிலோ தேவாலயமோ தனியாரோ பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டனர். சட்டம் மேற்பார்வையை மாகாணத்துக்குக் கொடுத்தது. பணத்தை எவருக்கும் கொடுக்கவில்லை. 2013 இல் நாம் வாக்களித்து ஒரு மாகாண சபையை அமைத்தோம். ஐந்து ஆண்டுகள் தீர்மானங்கள் பல நிறைவேறின. 2018 ஒக்டோபரிலே அதன் காலம் முடிந்தது. அதன் பின்னர் ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றி ஆளுநரின் கையிலே மாகாணம் கிடந்தது. வெற்றிடம் ஒன்றிருந்தால் அதை எவரேனும் நிரப்புவர். வேலியில்லாத பயிரிலே மாடு மேய்ந்தால் மாட்டை மட்டும் ஏசி என்ன பயன்?

எமது முன்னோர் இப்படியா இருந்தனர்? 1848 இல் வண்ணார்பண்ணையிலே நாவலர் பெருமான் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கியபோது அரசாங்கம் பணம் தரட்டும் என்று காத்திருந்தாரா? 1923 இலே சைவ வித்தியா விருத்திச் சங்கம் எழுந்தது. அதைத் தோளிலே சுமந்த இராசரத்தினம் அவர்கள் எம்மைப் போலச் சட்டத்தொழில் செய்தவர். ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் எழுந்தது; நியாயவாதி நேரத்தைக் கொடுத்தார், கமக்காரன் நெல்லைக் கொடுத்தான், வீட்டுப் பெண்கள் உலைப்பானையிலே இடுமுன் ஒரு பிடியரிசியை எடுத்து வைத்தார்கள். 1960 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அன்றோடு, பள்ளிக்கூடம் என்பது அரசாங்கத்தின் வேலை என்று நாம் கையைக் கழுவிக்கொண்டோம்.

இன்று பெரிய கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் கடல்கடந்தும் பணம் திரட்டுகின்றன. மதிலுக்கு மேல் மதில் எழுகிறது. கோயில்களிலே புதுத் தேர் ஓடுகிறது. நாம் தேருக்கு எதிரிகளல்லர். ஆயினும் அந்தத் தேரின் ஒரு சில்லுக்குச் செலவான பணம், வன்னியிலே ஒரு முன்பள்ளி ஆசிரியைக்கு எத்தனை மாதச் சம்பளம் என்று கணக்குப் பார்த்தோமா? பூட்டிக் கிடக்கும் சனசமூக நிலையத்தின் திறப்பு யார் வீட்டு ஆணியிலே தொங்குகிறது என்றாவது கேட்டோமா?

செய்யவேண்டியன

அரசாங்கத்திடம் நாம் கேட்பது தெளிவானது. எங்கெங்கே ஒரு முன்பள்ளி இன்னும் பாதுகாப்பு அமைச்சின் இடாப்பிலே இருக்கிறதோ, அங்கங்கே அதை மாகாணக் கல்வி நிருவாகத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்போது ஆசிரியையின் சம்பளமும் ஒரு சதம் குறையாமல் உடன் வரவேண்டும். அவளைத் தெருவிலே நிறுத்திவிட்டுப் பள்ளியை மட்டும் மீட்பது மீட்சியாகாது. திணைக்களத்துக்கு அந்தப் பணத்தை ஒதுக்கத் திறைசேரியாலே முடிந்ததென்றால், மாகாணத்துக்கு ஒதுக்க முடியாது என்று கூற நியாயமில்லை.

பிரதேச சபைகளிடம் கேட்பது: 2025 மே மாதத் தேர்தலின் பின் நீங்கள் ஆசனத்திலே அமர்ந்தீர்கள். சனசமூக நிலையங்கள் உங்கள் ஏட்டிலே பதியப்பட்டவை. மாலை அணிந்ததோடு நில்லாமல், உங்கள் எல்லைக்குள் எத்தனை நிலையம் திறந்திருக்கிறது, எத்தனை பூட்டியிருக்கிறது என்று எண்ணி ஊருக்கு அறிவியுங்கள். காலையிலே முன்பள்ளி, மாலையிலே வாசிகசாலை என்று அவற்றை உயிர்ப்பியுங்கள்.

ஓய்வு பெற்ற படையினருள் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்ய மெய்யாகவே விரும்புவோர் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வழியுண்டு. சீருடையைக் கழற்றிவிட்டு, பெற்றோர் சங்கம் அழைத்தால், குடிமகனாக வரட்டும். எமது முன்னாட் போராளிக்கும் அதே கதவு திறக்கட்டும். இருவரும் ஒரே வாங்கிலே அமர்ந்து, போரிலே என்ன இழந்தோம் என்று பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லும் நாள் வருமானால், அதுவே நல்லிணக்கம். கட்டளையினால் வருவது நல்லிணக்கமாகாது.

இறுதியாக, இதை வாசிக்கும் டாக்டரே, நியாயவாதியே, பொறியியலாளரே, உத்தியோகத்தரே, கமக்காரப் பெருமகனே! அந்த ஆசிரியையின் கேள்விக்கு உங்கள் விடை யாது? மாதச் சம்பளக்காரர் ஒரு நாட் சம்பளத்தைக் கொடுக்கலாம். அறுவடை முடிந்த கையோடு கமக்காரன் ஒரு மூடை நெல்லைக் கொடுக்கலாம். பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் ஓர் ஆசிரியையைத் தாங்கலாம். எமது முன்னோர் பிடியரிசியைக்கொண்டு செய்ததை, வங்கியிலே பணம் வைத்திருக்கும் நாம் செய்ய முடியாதென்றால், படையைக் குறைகூறும் தகுதி எமக்கு இல்லை.

அடுத்த விசயதசமி வருமுன் உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பூட்டைத் திறவுங்கள். தாம்பாளமும் பச்சையரிசியும் அங்கே போகட்டும். பிள்ளையின் விரலைப் பற்றும் கை, ஊர் தெரிந்தெடுத்த கையாய் இருக்கட்டும்.